இரண்டு மணி நேர இரவல்

ஒரு பாடத்தை 120 மாணவர்கள் எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரத்துக்குள் படித்துவர வேண்டும் என்று ஆசிரியர் சொன்ன அத்தியாயம் விலை அதிகமான ஒரு நூலில் இருக்கிறது. நூலகத்திலோ அந்நூலுக்கு 3 பிரதிகளே உள்ளன. வழக்கமான 14 நாள் இரவலில் அவற்றை விட்டால், 15 வாரங்கள் கொண்ட ஒரு பருவத்தில் ஒரு பிரதி ஏழு பேர் கைக்குப் போய்வரும். மூன்றுக்கும் சேர்த்து 21 பேர். முதல் வாரத்திலேயே முந்திக்கொண்டு எடுத்துச் சென்ற மூவருக்கு அது நல்வாய்ப்பு. ஏனையோருக்கு அந்நூல் இருந்தும் இல்லாத கதைதான். அதே 3 பிரதிகளை இரண்டு மணி நேர இரவலுக்கு மாற்றி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் திறந்திருக்கும் நூலகத்தின் கவுன்டருக்குப் பின்னால் வைத்தால், ஒரு நாளில் 18 முறை கொடுக்கலாம். ஏழு நாட்களில் 126 முறை. புதிதாக ஒரு புத்தகம்கூட வாங்காமலேயே, வகுப்பிலுள்ள அனைவருக்கும் ஒரு முறையேனும் அது கிடைத்துவிடுகிறது. பல்கலைக்கழக நூலகங்களில் ‘கோர்ஸ் ரிசர்வ்’ என்றும், பேச்சில் வெறும் ‘ரிசர்வ்’ என்றும் சொல்லப்படும் பாட ஒதுக்கீட்டின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்.

கணக்கு எளிது, நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிக்கல் தெரியும். ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ரிசர்வ் பிரிவில் பல பருவங்களாக வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று உண்டு. அந்தக் கவுன்டரில் நாங்கள் பங்கிட்டுக் கொடுப்பது மாணவர்களின் நேரத்தைத்தான். அந்த நேரம் மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் அவர்கள் கவுன்டருக்கு வருவதற்கு வெகுமுன்பே, ஆசிரியர் தம் வாசிப்புப் பட்டியலை எப்போது, எந்த நிலையில் எங்களுக்கு அனுப்பினார் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. மாணவர்கள் எங்களைக் குறை சொல்கிறார்கள். ஆசிரியர்கள் மாணவர்களைக் குறை சொல்கிறார்கள். நாங்கள் மென்பொருளைக் குறை சொல்கிறோம். பட்டியலை மட்டும் எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

முதலில் கவுன்டரின் முன்பக்கத்தைப் பார்ப்போம். 126 என்பது ஏட்டுக்கணக்கு. வகுப்பு செவ்வாய்க்கிழமை காலை என்றால், வெள்ளி முதல் ஞாயிறு வரை அப்புத்தகம் அலமாரியில் சீந்துவாரின்றிக் கிடக்கும். திங்கள் மாலை ஆறு மணிக்கு அதைக் கேட்டுப் பத்துப் பதினைந்து பேர் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் இரண்டு மணி நேரம் என்பதே நீண்ட காலமாகிவிடுகிறது. ஆகவேதான் ரிசர்வ் நூலுக்கு வழக்கமான இரவல் விதிகள் பொருந்துவதில்லை. நூலகக் கட்டடத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒரே நேரத்தில் ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. வேறொருவர் காத்திருந்தால் நீட்டிப்புக் கிடையாது. முன்பதிவும் பல இடங்களில் கிடையாது. சில நூல்களுக்கு நான்கு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள் என்று நீண்ட கெடுக்களும் உண்டு. எந்த நூலுக்கு எந்தக் கெடு என்பதை ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம். மூடும் நேரம் நெருங்கும்போது நூலை இரவுக்கு மட்டும் வீட்டுக்குக் கொடுத்து, மறுநாள் நூலகம் திறந்த சிறிது நேரத்துக்குள் திருப்பிவிட வேண்டும் என்ற ஏற்பாடும் பரவலாக உள்ளது. திருப்பும்போது கவுன்டரில் ஆளிடம் கொடுக்க வேண்டும். வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், பெட்டியைத் திறக்கும் வரை அந்நூல் உங்கள் பெயரிலேயே இருக்கும், தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். இந்த ஒரு விதியை அறியாமல் கட்டணம் கட்டியவர்கள்தாம் எங்களிடம் அதிகம் சண்டைக்கு வருபவர்கள்.

தாமதக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். அண்மை ஆண்டுகளில் பல நூலகங்கள் சாதாரண இரவலுக்கான தாமதக் கட்டணத்தை முற்றாக நீக்கிவிட்டன. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அவற்றில் பலவும் ரிசர்வ் நூலுக்கான கட்டணத்தை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன. அதுவும் நாள் கணக்கில் அன்று, மணிக்கணக்கில். சாதாரண நூல் இரண்டு நாள் தாமதமானால் பெரும்பாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. தேர்வுக்கு முந்தைய மாலையில் ரிசர்வ் நூல் இரண்டு மணி நேரம் தாமதமானால், அடுத்து வரிசையில் நின்றவருக்கு அப்புத்தகமே இல்லை. “சார், இன்னும் நாலே பக்கம்தான், பத்து நிமிஷத்துல குடுத்துடறேன்” என்று கேட்பவரின் முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரத்தான் செய்யும். அவருக்குப் பின்னால் நிற்பவரின் முகத்தையும் பார்ப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். பத்து நிமிடச் சலுகையை மென்பொருளிலேயே எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, அதற்கு மேல் ஆளுக்கு ஆள் வளைந்துகொடுக்காமல் இருப்பதே நியாயம் என்பது என் கருத்து. கவுன்டரில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்து விதி மாறும் இடத்தில், கெஞ்சத் தெரிந்தவருக்கே புத்தகம் கிடைக்கும்.

இனிக் கவுன்டரின் பின்பக்கம். பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பட்டியலைக் கொடுத்துவிடுமாறு ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவோம். குறித்த நாளுக்குள் பதில் அனுப்புபவர்கள் குறைவு. முதல் வகுப்பு முடிந்த அன்று மாலை அனுப்புபவர்களே மிகுதி. வரும் பட்டியல்களும் ஒரு மாதிரியாக இருப்பதில்லை. ஒருவர் நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஐஎஸ்பிஎன் எனப்படும் நூல் அடையாள எண், எந்த வாரத்துக்கு எந்தப் பக்கங்கள் என்பது வரை அட்டவணையாக்கி அனுப்புவார். இன்னொருவர், நூலாசிரியரின் பெயரில் பாதியையும் ‘அத்தியாயம் 3’ என்பதையும் எழுதிவிட்டு, ‘போன வருஷம் வைத்த அதே புத்தகம்’ என்று முடித்துவிடுவார். போன ஆண்டு வைத்தது மூன்றாம் பதிப்பாகவும், இவ்வாண்டு கடையில் கிடைப்பது நான்காம் பதிப்பாகவும் இருந்தால், அங்கேதான் வினை தொடங்குகிறது. அறிவியல், பொறியியல், கணக்குப் பதிவியல் நூல்களில் பதிப்பு மாறும்போது அத்தியாயங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பயிற்சிக் கணக்குகளின் வரிசை எண்கள் மட்டும் மாறிவிடும். அத்தியாயம் 7-இல் 12-ஆம் கணக்கைப் போட்டுவரச் சொன்னால், பழைய பதிப்பை வைத்திருப்பவர் ஒரு கணக்கையும் புதிய பதிப்பை வைத்திருப்பவர் வேறொரு கணக்கையும் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். ஐஎஸ்பிஎன் எண் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே தரப்படுவதால், 13 இலக்கங்கள் கொண்ட அந்த ஓர் எண்ணை மட்டும் சரியாகக் கொடுத்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது.

பட்டியல் தெளிவாகிய பின் ஒவ்வொரு நூலாகத் தேடுவோம். அலமாரியில் இருந்தால் எடுத்து வருவோம். யாராவது இரவல் பெற்றிருந்தால், கெடுவுக்கு முன்பே திருப்பித் தருமாறு அவருக்கு அறிவிப்பு போகும். நூலகத்தில் இல்லாவிட்டால் வாங்கும் பிரிவுக்கு அவசரக் குறிப்பு எழுதுவோம். வெளிநாட்டுப் பதிப்பு என்றால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். இரண்டாம் வார வாசிப்புக்குரிய நூல் ஏழாம் வாரம் வந்து சேர்ந்த காட்சியெல்லாம் கண்டிருக்கிறோம். கைக்கு வந்த நூலுக்கு வண்ணப் பட்டை ஒட்டி, நூலக மென்பொருளில் அதன் இருப்பிடத்தைத் தற்காலிகமாக ரிசர்வ் என்று மாற்றி, இரவல் விதியையும் மாற்றி, பாடக்குறியீட்டோடும் ஆசிரியர் பெயரோடும் இணைக்க வேண்டும். இந்த இணைப்புதான் மாணவர் கண்ணுக்குத் தெரிவது: நூலின் பெயரே தெரியாவிட்டாலும், பாடக்குறியீட்டைத் தட்டினால் அந்தப் பாடத்துக்குரிய எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். ஒரே பாடம் இரண்டு துறைகளின் குறியீடுகளில் நடத்தப்பட்டால் இரண்டோடும் இணைக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் பாதி வகுப்புக்கு ஒன்றுமே தெரியாது. கட்டற்ற மென்பொருளான கோஹாவில் இதற்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. ஏரீஸ், லெகான்ட்டோ, தாலிஸ் போன்றவை இந்த வேலைக்கென்றே விற்கப்படுபவை. எந்த மென்பொருளானாலும், உள்ளே போடப்படும் தகவல் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் பயன்.

நூலகத்தில் இல்லாத நூலுக்குத் தம் சொந்தப் பிரதியைக் கொடுத்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. பெருந்தன்மைதான், ஆனால் கொடுக்கும் முன் எங்கள் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. நூலில் பார்கோடு ஒட்டுவோம், திருட்டைத் தடுக்கும் காந்தப் பட்டையையும் சில வேளைகளில் வைப்போம். பருவம் முடிந்து பிரித்தெடுக்கும்போது அட்டையில் தழும்பு நிற்கும். மாணவர்கள் அடிக்கோடிடுவார்கள், பக்கம் கிழியவும் கூடும், தொலையவும் கூடும். தம் ஆசிரியர் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதியையோ, இனி அச்சில் வராத நூலையோ அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மற்றொரு நூலகத்திலிருந்து நூலகப் பரிமாற்றம் வழியாகப் பெற்ற நூலை ரிசர்வில் வைக்கவே இயலாது. அது நமக்கு நம்பிக்கையின் பேரில் வந்த இரவல்.

ரிசர்வில் வைக்கப்படுபவை புத்தகங்கள் மட்டும்தாம் என்றும் எண்ண வேண்டாம். உடற்கூறியல் பாடத்துக்கு எலும்பு மாதிரிகள், வேதியியலுக்கு மூலக்கூறு மாதிரிப் பெட்டி, புள்ளியியலுக்குக் கால்குலேட்டர், திரைப்பட வகுப்புக்கு டிவிடி என்று எங்கள் அலமாரியில் எல்லாம் இருக்கும். மண்டையோட்டுப் பெட்டி திரும்பி வரும்போது, உள்ளே கீழ்த்தாடை இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே மாணவரை அனுப்ப வேண்டும் என்பது புதிதாகச் சேருபவருக்கு நாங்கள் சொல்லித் தரும் முதல் பாடங்களில் ஒன்று.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. அதைப் பேசுபவர்கள் குறைவு. இந்திய நூலகவியலின் முன்னோடியான எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளை நூலகத் துறையில் படித்தவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது; வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. ரிசர்வ் அலமாரி இரண்டாவதையும் நான்காவதையும் நிறைவேற்றுவதற்காக மூன்றாவதைச் சற்றே காவு கொடுக்கிறது. பொது அலமாரியிலிருந்து எடுக்கப்பட்ட நூலை, அந்தப் பாடத்தைப் படிக்காத ஒருவர் தற்செயலாக எதிர்ப்பட்டு எடுத்துப் புரட்ட முடியாது. ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டு மாதம் உடன் வைத்திருக்க வேண்டிய நூல், இரண்டு மணி நேரப் புத்தகமாகக் கவுன்டருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். ‘இருந்தால் நல்லது’ என்று ஆசிரியர் 40 நூல்களை ரிசர்வில் வைக்கச் சொல்லி, அவற்றில் 35 நூல்களைப் பருவம் முழுவதும் ஒருவரும் தொடாமல் போனால், அந்த 35-உம் வேறு எவருக்கும் பயன்படாமல் போனவை. வகுப்பில் உண்மையிலேயே படிக்கச் சொல்லப்போகும் நூல்களை மட்டும் ரிசர்வுக்குக் கொடுத்துவிட்டு, மேல்வாசிப்புக்கான நூல்களைப் பாடத்திட்டத்தில் குறித்தால் போதும். மாணவர் அவற்றைப் பொது அலமாரியில் தேடி எடுத்துக்கொள்வார்.

மின்வடிவம் வந்தபின் இந்தப் பற்றாக்குறையெல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் பலரும் நம்பினோம். ஒரு கட்டுரையின் பிடிஎஃப் கோப்பை ஒரே நேரத்தில் 120 பேரும் திறக்கலாம். வரிசையும் இல்லை, கெடுவும் இல்லை. ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பொறுத்தவரை இது பெருமளவுக்கு உண்மையாகிவிட்டது. நூலகம் சந்தா கட்டியிருக்கும் இதழ் என்றால் கோப்பைத் தரவிறக்கி வகுப்புப் பக்கத்தில் ஏற்ற வேண்டிய தேவைகூட இல்லை. இணைப்பைக் கொடுத்தாலே போதும். ஆனால் அந்த இணைப்பைக் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆசிரியர் தம் அறையில் அமர்ந்து கட்டுரையைத் திறந்து, உலாவியின் மேலே தெரியும் முகவரியை அப்படியே நகலெடுத்து, மூடுல் என்னும் இணைய வகுப்புத் தளத்தின் பக்கத்தில் ஒட்டிவிடுவார். அவர் கணினியில் அது திறக்கும், ஏனென்றால் அவர் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கிறார். முகவரியின் வாலில் அன்றைய அமர்வுக்கான குறியீடும் தொங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் மாணவர் தம் விடுதியிலிருந்து திறந்தால், அமர்வு முடிந்துவிட்டது என்றோ, கட்டுரைக்குப் பணம் கட்டு என்றோ ஒரு பக்கம் வந்து நிற்கும். கட்டுரையின் டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண்ணோடு நூலகத்தின் ப்ராக்ஸி முகவரியை முன்னொட்டாகச் சேர்த்துக் கொடுத்தால், எங்கிருந்து திறந்தாலும் பல்கலைக்கழகக் கணக்கைக் கேட்டு உள்ளே விட்டுவிடும். பருவத் தொடக்கத்தில் எங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி, இந்த இணைப்பைச் சரிசெய்து கொடுத்த மறு நிமிடம் தீர்ந்துவிடுபவை.

நூலின் ஓர் அத்தியாயம் வேண்டும் என்றால் ஸ்கேனரில் வருடி எடுக்க வேண்டியிருக்கும். இதைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிடும் ஆசிரியர்கள் பெருகிவருகிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் கட்டை விரல் தெரியும். நடு மடிப்பில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் இருளுக்குள் மறைந்திருக்கும். அடிக்குறிப்புகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். கண் தெரிந்தவர் எப்படியோ தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவார். திரைவாசிப்பான் துணையோடு படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு அது வெறும் படம். அந்தக் கோப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. நல்ல வருடியில் நேராக வைத்து எடுத்து, எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, தேடத்தக்க எழுத்தாக மாற்றி, தலைப்புப் பக்கத்தையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் முன்னால் சேர்த்த பிறகே நாங்கள் ஏற்றுகிறோம். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை எழுத்துணரியின் விளைவை ஒருவர் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். பழைய அச்சுருக்களைக் கண்டால் அது இன்னும் தடுமாறும். இதற்கு நேரம் பிடிக்கும். பட்டியல் முன்கூட்டியே வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

முழு நூலும் மின்னூலாகக் கிடைக்கும் என்றால் எல்லாம் சுலபம் என்று தோன்றலாம். நூலகத்துக்கு விற்கப்படும் மின்னூலும், தனி மனிதர் வாங்கும் மின்னூலும் ஒன்றல்ல. நூலகம் பெறுவது பெரும்பாலும் ஓர் உரிமம். அதில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கலாம், மூவர் படிக்கலாம், எத்தனை பேரும் படிக்கலாம் என்று நிலைகள் உண்டு. நிலைக்கேற்ப விலையும் ஏறும். ஒருவர் உரிமம் பெற்ற மின்னூலை 120 பேர் வகுப்புக்குக் கொடுத்தால், திங்கள் மாலை ஆறு மணிக்குக் கவுன்டரில் நின்ற அதே வரிசை இப்போது கண்ணுக்குத் தெரியாமல் திரைக்குள் நிற்கும். முதலில் திறந்தவர் உலாவியை மூடாமல் சாப்பிடப் போயிருப்பார். மற்றவர்களுக்கு ‘இந்நூல் இப்போது பயன்பாட்டில் உள்ளது’ என்ற வாசகம் வந்துகொண்டே இருக்கும். அச்சுப் பிரதியாவது மேசையில் கிடந்தால் நாங்கள் எழுந்துபோய் எடுத்து வருவோம். இன்னொரு சங்கடம், முதலாண்டு மாணவர்களுக்கான பெரும் பாடநூல்களை வெளியிடும் பெருநிறுவனங்கள் பலவும் அவற்றின் மின்வடிவத்தை நூலகங்களுக்கு எந்த விலைக்கும் விற்பதில்லை. மாணவர் ஒவ்வொருவரிடமும் நேரடியாக விற்பதே அவர்களுடைய வணிகம். வீட்டுப்பாடக் கணக்குகளைச் செய்வதற்கான அணுகுக் குறியீடு புதிய புத்தகத்தோடு சேர்த்து விற்கப்பட்டு, அதுவும் ஒருவர் மட்டுமே பயன்படுத்தக்கூடியதாக இருந்தால், ரிசர்வ் அலமாரி அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனவேதான் எவரும் இலவசமாகப் படிக்கவும் நகலெடுக்கவும் உரிமம் தரப்பட்ட திறந்த பாடநூல்களின் பக்கம் நூலகர்கள் ஆசிரியர்களைத் திருப்பப் பார்க்கிறார்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டம் இயற்பியல், உயிரியல், பொருளாதாரம் போன்ற அறிமுகப் பாடங்களுக்கு அத்தகைய நூல்களை வெளியிடுகிறது. எல்லாப் பாடத்துக்கும் அவை கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில் ரிசர்வுக்கு வேலையே இல்லை.

பதிப்புரிமைக்கு வருவோம், ஆசிரியர்கள் எங்களிடம் மிகவும் சலித்துக்கொள்வது இங்கேதான். அச்சு நூலை எடுத்துக் கவுன்டருக்குப் பின்னால் வைப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. வாங்கிய பிரதியை இரவல் கொடுப்பது நூலகத்தின் வழக்கமான வேலை. அதிலிருந்து நகலெடுத்து வகுப்புக்கு ஏற்றும் கணத்தில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. எவ்வளவு நகலெடுக்கலாம் என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் ஒரே விடை இல்லை.

அமெரிக்கச் சட்டம் ‘நியாயமான பயன்பாடு’ என்பதை நான்கு காரணிகளைக் கொண்டு எடைபோடுகிறது: பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுக்கப்பட்ட அளவு, படைப்பின் சந்தையில் ஏற்படும் விளைவு. அந்தக் காரணிகள் மின் ரிசர்வுக்கு எப்படிப் பொருந்தும் என்பது ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக வழக்கில் நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் சேஜ் நிறுவனமும் 2008-இல் அவ்வழக்கைத் தொடுத்தன. 2012-இல் கீழ் நீதிமன்றம், பத்து அத்தியாயங்களுக்குக் குறைவான நூலில் 10 விழுக்காடு, பத்தும் அதற்கு மேலும் உள்ள நூலில் ஓர் அத்தியாயம் என்று ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு, விசாரிக்கப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட பகுதிகளில் ஐந்தில் மட்டுமே உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. நூலகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எண்ணிச் சொல்ல ஒரு வரம்பு கிடைத்துவிட்டதே! ஆனால் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், விழுக்காட்டைக் கொண்டு இயந்திரம்போல் முடிவு செய்யக் கூடாது, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்று அதைத் திருப்பி அனுப்பியது. 2018-இல் மீண்டும் ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டு, 2020-இல் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக அவ்வழக்கு முடிவடைந்தது. இருந்தாலும் 10 விழுக்காடு, ஓர் அத்தியாயம் என்ற அளவு பல நூலகங்களின் உள்விதிகளில் இன்றும் தங்கியிருக்கிறது. அது சட்டத்தின் கோடு அன்று. நூலகம் தன் பாதுகாப்புக்காகப் போட்டுக்கொண்ட கோடு. ‘பதினொன்றரை விழுக்காடு வருகிறது, விடுங்களேன்’ என்று கேட்கும் ஆசிரியருக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையையும் பல்கலைக்கழகத்தையும் எதிர்த்து 2012-இல் மூன்று பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தபோது இந்தப் பிரிவுதான் மையமாக நின்றது. பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துக் கொடுப்பதும் கற்பித்தலின் பகுதியே என்ற நிலைப்பாட்டை 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்தது. கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதே அளவு, விழுக்காட்டு வரம்பு இல்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் கூறியது. பதிப்பகங்கள் 2017-இல் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. 1991-இல் நியூயார்க்கில் கிங்கோஸ் என்ற நகலகம் இதே வகைத் தொகுப்புகளை விற்றதற்காகத் தோற்றிருந்தது என்பதையும் உடன் வைத்துப் பார்த்தால், ஒரே செயலை இரண்டு சட்டங்கள் எவ்வளவு வேறுவிதமாகப் பார்க்கின்றன என்பது விளங்கும். பிரிட்டனிலோ பல்கலைக்கழகங்கள் பதிப்புரிமை உரிம முகமைக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தி, ஒரு நூலில் ஓர் அத்தியாயம் அல்லது 10 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அதை வருடிக் கொடுக்கின்றன; எதை, எந்தப் பாடத்துக்குக் கொடுத்தோம் என்று கணக்கும் காட்டுகின்றன. ஆகவே வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய ஆசிரியர் ‘அங்கே செய்தேனே’ என்று சொல்வதும், எங்கோ படித்துவிட்டு ‘இங்கே கூடாது’ என்று அஞ்சுவதும் இரண்டுமே பொருந்தாதவை. அந்தந்த நூலகத்தைக் கேட்டுக்கொள்வதுதான் வழி.

மாணவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. நூலகப் பட்டியலில் பாடக்குறியீட்டைக் கொண்டோ ஆசிரியர் பெயரைக் கொண்டோ தேடுங்கள். நூல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடையாள அட்டையோடு கவுன்டருக்கு வாருங்கள். வகுப்புக்கு முந்தைய மாலையைத் தவிர வேறு எந்த நேரத்திலும் வாருங்கள். வார இறுதியில் அலமாரி உங்களுக்காகவே காத்துக்கிடக்கும். நூலைப் பெற்ற இரண்டு மணி நேரத்தில் முதல் அரை மணி நேரத்தைக் கைப்பேசியில் பக்கங்களைப் படமெடுப்பதற்கே செலவிடுபவர்களைப் பார்க்கிறேன். எடுத்த படங்களைப் பிறகு எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பட்டியலில் இருக்கும் நூல் அலமாரியில் இல்லை என்றால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால்தான் அது தொலைந்துவிட்டது என்பதே எங்களுக்குத் தெரியவரும்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இன்னும் சற்று விரிவானது. பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் எதிரே, அதை எந்த வாரம் படிக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஒரு தகவல் இருந்தால், பட்டியல் தாமதமாகவே வந்தாலும் முதல் வார நூலை முதலில் தயார் செய்துவிட்டுப் பத்தாம் வார நூலைப் பிறகு பார்த்துக்கொள்வோம். இல்லாவிட்டால் அகரவரிசையில்தான் வேலை நடக்கும். எத்தனை மாணவர்கள் என்பதைச் சொன்னால், எத்தனை பிரதிகள் வேண்டும், மின்னூலுக்கு எந்த உரிமம் வாங்க வேண்டும் என்று எங்களால் கணிக்க முடியும். கெடுவைத் தேர்ந்தெடுக்கும்போது, மாணவர் அந்த நூலில் எத்தனை பக்கம் படிக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்: 15 பக்கக் கட்டுரைக்கு இரண்டு மணி நேரம் தாராளம்; ஒரு நாவலை முழுதாகப் படிக்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேர இரவலில் வைப்பது யாருக்கும் உதவாது, அதற்கு மூன்று நாள் கெடுதான் சரி. தலைப்பு ரிசர்வில் இருக்கிறது என்பதை முதல் வகுப்பில் வாயால் சொல்லுங்கள். நாங்கள் எவ்வளவு மின்னஞ்சல் அனுப்பினாலும், ஆசிரியர் வகுப்பில் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் கவுன்டரில் ஆள் வரத் தொடங்குகிறது.

பருவம் முடிந்ததும் எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும். இருப்பிடத்தைப் பழையபடி மாற்றி, பட்டையைக் கிழித்து, நூல்களைப் பொது அலமாரிக்கு அனுப்புவோம். சொந்தப் பிரதிகள் ஆசிரியர்களின் அறைகளுக்குத் திரும்பும். வருடிய கோப்புகள் வகுப்பின் பார்வையிலிருந்து விலக்கப்படும். அப்போது மென்பொருளிலிருந்து ஓர் அறிக்கையையும் எடுப்போம்: எந்த நூல் எத்தனை முறை போனது, எது ஒரு முறைகூடப் போகவில்லை, எந்த மின்னூலில் எத்தனை பேர் உள்ளே நுழைய முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று அதில் தெரியும். கூடுதல் பிரதிக்கோ உயர்ந்த உரிமத்துக்கோ பணம் கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது அந்த எண்கள்தாம் எங்கள் கையிலுள்ள ஒரே ஆதாரம். ஒவ்வோர் ஆசிரியருக்கும் அவருடைய பாடத்தின் பக்கத்தை மட்டும் பிரித்து அனுப்பி, அடுத்த பருவத்துக்கு எதை வைப்பது, எதை எடுத்துவிடுவது என்று கேட்கிறோம். சிலர் அதைப் பார்த்துப் பாதிப் பட்டியலை அடித்துவிட்டு அனுப்புகிறார்கள். பெரும்பாலோரிடமிருந்து வரும் பதில், ‘போன முறை மாதிரியே போட்டுவிடுங்கள்’ என்பதுதான். அதைப் படித்ததும் நாங்கள் முதலில் செய்வது, அந்நூல்களுக்குப் புதிய பதிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது.